கசிவில்லாத அடுப்பு

பீங்கான் அடுப்பைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. நிறையப் பேர் செய்கிற தப்பு அது. பீங்கான் சோப்பைக் குடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் அதில் எதைச் சுட்டாலும் துணி துவைத்த வாசனை வரும். காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, வெறும் கரியை எரியவிட்டால் போதும். நெருப்பே கழுவிவிடும்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் அடுப்பை அரைகுறையாகப் பழுது பார்த்ததால்தான் என் தம்பி செத்தான் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அவன் பெண்டாட்டியும் உங்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். வேறு எதை வேண்டுமானாலும் என் தலையில் போடுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, வாங்கிக்கொள்கிறேன். என் வேலையைக் குறை சொல்ல விடமாட்டேன்.

நான் இரும்பு வார்ப்புப் பட்டறையில் உலைக்கு உள்பூச்சு பூசுகிறவன். அணைந்த உலைக்குள் சூடு ஆறுமுன்னே இறங்கி, வெடித்த இடத்தைக் கொத்தி எடுத்து, புதுச் சாந்து அப்புகிற வேலை. நான் பூசிய உலை இதுவரை ஒன்றும் ஒழுகியதில்லை.

அந்த அடுப்பு அப்பாவுடையது. இடுப்பு உயரத்துக்குக் குண்டுப் பானை மாதிரி இருக்கும். மேலே கனத்த மூடி. காற்று போக அடியில் ஒரு வாய், மூடியின் உச்சியில் ஒரு துவாரம். அதில் கோழி சுட்டு விற்றுத்தான் எங்களை வளர்த்தார். கரிமூட்டை தூக்கியது நான். தம்பி, சுட்டதைத் தின்று பார்த்து உப்பு போதுமா என்று சொல்வான். "அவனுக்கு நாக்கு, உனக்கு முதுகு" என்பார் அப்பா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவர் போனபோது கடையும் அடுப்பும் நாக்குக்குப் போயின.

அதற்குள் அடுப்பு நோயாளி ஆகிவிட்டது. மூடி உட்காரும் விளிம்பில் சுற்றியிருந்த நாடா கருகி உதிர்ந்து, நாலாபக்கமும் புகை ஒழுகும். தம்பி கையாண்டது அந்த அடுப்பைத்தான். ஆட்கள் பார்க்க மூடியை ஒரே வீச்சில் தூக்கி, முகத்தை உள்ளே நீட்டி முதல் வாசனையை இழுப்பான். கைதட்டுவார்கள். கரி எரிகிற உள்சட்டி வெடித்ததும் அடுப்பைக் கொல்லையில் தூக்கிப் போட்டான். அதற்குள் கோழி அடைந்தது.

நான் போய்க் கேட்டேன்.

"எடுத்துக்கோண்ணே. உடஞ்ச சட்டி. செடி வெச்சுக்கோ" என்றான். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மழைக்காலம் முழுக்க அதோடு கிடந்தேன். துருப்பிடித்த கீலை அறுத்துவிட்டு, பட்டறையில் புதிதாக அடித்துப் பொருத்தினேன். உள்சட்டியைச் சூளை மண்ணில் வார்த்து, இளஞ்சூட்டில் தினமும் கொஞ்சமாகப் பதப்படுத்தினேன். விளிம்பில் உலைக் கதவுக்குப் போடுகிற தீப்பிடிக்காத கயிறு. உள்ளே விளக்கை வைத்து, எல்லாவற்றையும் சாத்திவிட்டு இருட்டில் பார்த்தேன். ஒரு கீற்றுகூட வெளியே தெரியவில்லை. நானே கடை போடலாம் என்று பெண்டாட்டியிடம் சொன்னேன். "உங்களுக்கு உப்பே தெரியாதே" என்றாள். ஆனால் அன்றைக்கு அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

தம்பி வந்து பார்த்தான். சுற்றிச் சுற்றி வந்தான். மறுநாள் வண்டியோடு வந்தான்.

"அப்பா அடுப்புண்ணே. கடையிலதான இருக்கணும்?"

"செடி வெச்சுக்கச் சொன்னியேடா."

"வெச்சியா? வெக்கலேல்ல."

வண்டிக்காரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன்.

"குடுத்துடுடா, தம்பிதான. நீ என்னத்தச் சுடப்போற?" என்றாள்.

கொடுத்தேன். தூக்கி வைத்ததும் நான்தான். முதுகு என்னிடம்தானே இருக்கிறது.

அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த சங்கதி ஒன்று உண்டு. அடுப்பு புதிதாக இருந்த காலத்தில் அவர் மூடியைச் சட்டென்று தூக்கமாட்டார். ஒருமுறை மறந்துபோய்த் தூக்கிப் புருவம் இரண்டையும் பறிகொடுத்தார். இறுக்கமான அடுப்பில் காற்றை அடைத்தால் நெருப்பு அணைந்துவிடாது, பசியோடு காத்திருக்கும்; சட்டென்று திறந்தால் முகத்தில் பாயும். தம்பி அப்போது தொட்டிலில் கிடந்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒழுகுகிற அடுப்பு. இதை அவனிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். வேளை வாய்க்கவில்லை. கடையைப் புதுப்பித்து மறுபடி திறப்பு, தோரணம், அவனுக்கு ஆயிரம் வேலை.

திறப்பு விழாவன்று என்னைக் கூப்பிட்டனுப்பினான். தெருவே கூடியிருந்தது.

"நீயே பத்தவெச்சுக் குடுத்துடுண்ணே. அப்புறம் கொஞ்சம் ஓரமா நில்லு. கரிச்சட்டையோட வந்துட்ட, பெரிய ஆளுங்க வர்றாங்க."

பற்றவைத்தேன். கரி நன்றாகக் கனிந்ததும் கொழுப்புள்ள கோழிகளை அடுக்கி மூடினேன். அடிவாயைச் சாத்தினேன். உச்சித் துவாரத்தையும் சாத்தினேன். சூடு போகாமல் இருக்கத்தான் என்று முதல் நாள் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். பிறகு ஓரமாகப் போய் நின்றேன், அவன் சொன்னபடி.

என் பெண்டாட்டி முன்வரிசையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். "என்னங்க, இங்கேருந்து ஒண்ணும் தெரியல" என்று முனகினாள். அதையும் அவள் உங்களிடம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அவளுக்குப் பொய் வராது.

தம்பி கூட்டத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். மூடியை வீசித் தூக்கினான். முகத்தை நீட்டினான்.

சத்தம் பெரிதாக இல்லை. யாரோ ஆழமாக மூச்சு இழுத்த மாதிரி இருந்தது.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் இரண்டையும் அடைத்தேன். அதற்காக என்னை அழச் சொல்லாதீர்கள், வராது. நான் செய்த அடுப்பில் ஒரு விரிசல் காட்டுங்கள், அப்போது தலைகுனிகிறேன்.

நாளைக்கு நிபுணர் வந்து பற்றவைத்துச் சோதிக்கப்போகிறார் என்றீர்களே, அவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். பாவம், பிள்ளைகுட்டிக்காரராக இருப்பார். மூடியைச் சட்டென்று தூக்க வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரல் நுழையும் அளவு தூக்கி, அது ஒரு வாய்க் காற்றைக் குடிக்கும்வரை பொறுத்து, அப்புறம் திறக்கட்டும். அவ்வளவுதான் ஐயா, சொல்வதற்கு.