கலார்சா டாக்டரின் முழங்கால்

எஸ்தெலா: அசையாம படுங்க டாக்டர். உங்க பேரு?

கலார்சா: இதென்ன கூத்து? இத்தனை வருஷமா இதே தியேட்டர்ல எனக்குக் கத்தி எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் நீ. என் பேரு தெரியாதா?

எஸ்தெலா: இன்னிக்கு நீங்க பேஷண்ட். உங்க வாயால சொல்லணும்.

கலார்சா: ...ஹெர்னான் கலார்சா. போதுமா?

எஸ்தெலா: எந்த முழங்கால்?

கலார்சா: இடது. வீட்டுப் படியில வழுக்கினதுல சவ்வு கிழிஞ்சிடுச்சு. இன்னிக்கு எனக்கு ஆபரேஷன் பண்ணப் போற தமாரிஸ் நேத்தே பேனாவால குறி போட்டுட்டான், பாரு.

எஸ்தெலா: எங்க? ரெண்டு காலும் துடைச்சு வச்ச மாதிரி இருக்கே... இருங்க, இது என்ன வாசனை?

கலார்சா: சோப்பு.

எஸ்தெலா: அருவதா தழை போட்ட சோப்பா? சாராய வாடை வேற.

கலார்சா: மெதுவா பேசு...

எஸ்தெலா: சந்தையில மந்திரிக்கிற அம்மாகிட்ட போய்த் திருஷ்டி கழிச்சுட்டு வந்தீங்களா? நீங்களா?

கலார்சா: என் பொண்டாட்டி இழுத்துட்டுப் போனா.

எஸ்தெலா: அவங்க ஊர்லயே இல்லையே, கீத்தோவுலதானே இருக்காங்க? காலையில அங்கிருந்துதான் எனக்கு போன் பண்ணினாங்க.

கலார்சா: ...சரி, நானேதான் போனேன். அந்தம்மா தலையில ஆரம்பிச்சுப் பாதம் வரைக்கும் தழையால விளாசிட்டா. முட்டையை உருட்டினா, கரும்புச் சாராயத்தை வாயில வச்சு ஊதினா, துணியால அழுத்தித் துடைச்சா. குறி அதோட போச்சு. வெளிய சொல்லிடாதே தாயே.

எஸ்தெலா: ஊரையே அறுத்தவருக்கு இவ்வளவு பயமா?

கலார்சா: அறுக்கிறது வேற, அறுபடுறது வேற.

எஸ்தெலா: தமாரிஸ் டாக்டர் கெட்டிக்காரர்தானே. நீங்க பழக்கின பிள்ளை.

கலார்சா: அதுதான்...

எஸ்தெலா: எதுதான்?

கலார்சா: ஒண்ணுமில்ல. அவனே வர்றான்.

தமாரிஸ்: வணக்கம் சார். மயக்க மருந்து கொடுத்துடலாமா?

எஸ்தெலா: குறி அழிஞ்சிருக்கு டாக்டர். எல்லாரும் ஒரு நிமிஷம் நின்னு, யார் யார், எந்தக் கால்னு வாய்விட்டுச் சொல்லிட்டு...

தமாரிஸ்: அதெல்லாம் எதுக்கு எஸ்தெலா? எங்க சார் கால் எனக்குத் தெரியாதா? வலது முழங்கால்.

கலார்சா: டேய்!

எஸ்தெலா: எழுந்திருக்காதீங்க, ஊசி பிடுங்கிக்கும்.

கலார்சா: இடதுடா. நேத்து நீதானே குறி போட்டே?

தமாரிஸ்: எதிர்ல நின்னு போட்டேனா... என் வலது கைப் பக்கம் இருந்தது... அதையே மனசுல வச்சிருந்தேன். மன்னிச்சிடுங்க சார்.

கலார்சா: கத்தியை எடுக்கிறதுக்கு முன்னாடி நிறுத்திக் கேட்கணும்னு தோணவே தோணாதா உனக்கு?

தமாரிஸ்: நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க? நிறுத்திக் கேட்கிறவன் தொழில் தெரியாதவன், நல்ல சர்ஜன் கண்ணே எல்லாத்தையும் சொல்லிடும்னு. நான் அதை மறக்கவே இல்ல.

எஸ்தெலா: நானும் மறக்கல. தினமும் உங்க வாயால கேட்டேனே.

கலார்சா: அதுல ஒரு தத்துவமும் இல்லப்பா. சாயங்காலம் எனக்கு வாலிபால் இருக்கும். நம்ம ஊர் ஆட்டத்துல பக்கத்துக்கு மூணே பேர். நான் லேட்டானா ஆட்டமே நின்னுடும். அந்த அவசரத்துலதான் உங்க எல்லாரையும் விரட்டினேன். இந்தச் சவ்வைக் கிழிச்சுக்கிட்டதும் அந்த மைதானத்துலதான், படியில இல்ல. இப்ப அந்தப் பேனாவை எடு... எஸ்தெலா சொன்ன மாதிரி முதல்ல உன் பேரைச் சொல்லு.