ஊறல் தொட்டியில் பதிவான பாட்டு

எனக்குப் புழுங்கலரிசிச் சோறு ஆகாது. நெல் விளையும் ஒரத்தநாட்டில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும், சிரித்துக்கொள்ளுங்கள் சார். அப்பா ரைஸ்மில்லில் நெல் ஊறவைக்கும் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர். ஊறி நொதித்த நெல்லின் வாடை அவர் சட்டையோடு வீட்டுக்கு வரும். நீங்கள் வாங்கிக் கொடுத்த சாப்பாட்டை நான் தொடாததற்கு அதுதான் காரணம். மனசு உறுத்துகிறது என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள்.

நாங்கள் மூன்று பேர். பரிதி பாடுவான், மூஸா டிரம்ஸ், நான் கிட்டாரும் ஒலிப்பதிவும். குழுவின் பெயர் களர். விளையாத மண்ணின் பெயரை வைத்தால் எப்படி உருப்படும் என்று மூஸாவின் வாப்பா கேட்டார். எங்களுடையது ராக்தான், ஆனால் கதிரறுக்கும் இயந்திரமும் பம்புசெட்டும் அதில் கூடவே வாசிக்கும். 2010இல் ஒரே ஒரு ஆல்பம் போட்டோம். அதைத் தேடிப்பிடித்துக் கேட்கிற பைத்தியங்கள் இன்றும் இருக்கிறார்கள். பிறகு பரிதி பெங்களூருக்கு வேலைக்குப் போனான், மூஸா அதிராம்பட்டினத்தில் கடையைக் கவனித்தான். நான் கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் பதினான்கு வருஷம் காத்திருந்தேன். யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆடி மாதம் பரிதியே போன் செய்தான். "மாறா, இன்னொரு ஆல்பம் பண்ணுவோமாடா?" என்றான். அன்றைக்கு நான் அழுதேன்.

ஐந்து பாட்டு முடித்தோம். ஐந்தும் இனிமையாக இருந்தன, கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் வந்தது. பெங்களூரில் கல்யாண ரிசப்ஷன்களில் பாடிப் பாடி அவன் குரல் சாதுவாகிவிட்டது. முதல் ஆல்பத்தில் அவன் பாடியபோது குரலில் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்துக்காகத்தான் ஜனங்கள் எங்களைக் கேட்டார்கள். ஆறாவது பாட்டு நான் இந்தப் பதினான்கு வருஷமாக எழுதியது. அதைப் பன்னிரண்டு தடவை பாடினான், ஒன்றும் வரவில்லை. "இன்னும் ஒரு தடவை பாக்குறேன். அப்பவும் வரலன்னா இத விட்டுடலாம்டா. யாரு இத கேக்கப்போறா?" என்றான். கோபப்படாமல்தான் சொன்னான். கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அப்பா வேலை பார்த்த மில் இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அங்கே தரைக்குக் கீழே பன்னிரண்டு அடி ஆழத்துக்கு ஒரு தொட்டி. குரல் அதற்குள் சுற்றிச் சுற்றி வரும், அதில் பாடுகிறாயா என்று கேட்டேன். பரிதிக்கு யோசனை பிடித்திருந்தது. தொட்டியின் அடியில் பழைய நெல் கொஞ்சம் மழைத்தண்ணீரில் அழுகிக் கிடந்தது. அப்படிக் கிடந்தால் விஷவாயு தங்கும். மில்லில் வேலை செய்தவர்கள் லாந்தரைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது அணையாமல் எரிகிறதா என்று பார்க்காமல் தொட்டியில் கால் வைக்க மாட்டார்கள். வாட்ச்மேன் காத்தானும் மறக்காமல் கேட்டார்.

"வெளக்கு எறக்கிப் பாத்தீங்களா தம்பி?"

"காலைலயே பாத்தாச்சு. நின்னு எரியுதுண்ணே."

பார்த்தது உண்மை. மூன்று முறை இறக்கினேன். மூன்று முறையும் ஏணியின் கடைசிப் படிகளுக்கு அருகே அணைந்துவிட்டது.

மத்தியானம் பரிதி மைக்கோடு இறங்கினான். மூஸா பக்கத்துக் கொட்டகையில் நீராவிக் கொப்பரையைத் தட்டிக்கொண்டிருந்தான், அவன் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில் தாளம் மட்டும்தான். பரிதியின் குரல் என் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டது. முதல் சரணம் வழக்கம்போல. இரண்டாவதில் மூச்சு குறுகியது, சொற்கள் உடைந்தன. அந்தப் பயம் திரும்பி வந்துவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பாட்டை நிறுத்திவிட்டு, "மாறா, ஏணி எங்கடா இருக்கு? தெரியல" என்றான்.

அவன் காதில் பேசுவதற்கு என்னிடம் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தி, "இன்னும் ஒரு சரணம்தான். பாடு" என்றேன்.

பாடினான் சார். நான் சொன்னதற்காகப் பாடினான். நாலு வரி வந்தது. பிறகு தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம். நான் பதிவை நிறுத்தவில்லை. பாட்டு ஆறு நிமிஷம், ஆறும் ஓடி முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகுதான் மூஸாவைக் கூப்பிட்டேன். அவன் ஓடிவந்து ஏணியில் கால் வைத்தான். இடுப்போடு கட்டிப் பிடித்து, "எறங்காதடா, கேஸ் இருக்கு" என்று கத்தினேன். எப்படித் தெரியும் என்று அவன் என்னைப் பார்த்தான். உங்களிடம் சொன்னதும் அவன்தான். பரவாயில்லை. ஆனால் மூஸா உயிரோடிருப்பது என்னால்தான், அதையும் இதில் சேர்த்து எழுதுங்கள்.

கொல்ல வேண்டும் என்றா இறக்கினாய் என்று கேட்டீர்கள். இல்லை. விளக்கு அணைந்ததை மறைத்தேன், ஏணி எங்கே என்று அவன் கேட்டபோது பாடச் சொன்னேன், செத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவையும் செய்தது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். நீங்கள் எடுத்துப்போன ஹார்ட்டிஸ்கில் அந்தப் பாட்டு இருக்கிறது, ஆல்பத்தில் அது வர வேண்டும். பெயர் போடும்போது பரிதியின் பெயரை முதலில் போடச் சொல்லுங்கள், என் பெயர் அடுத்ததாக வந்தால் போதும். எனக்குப் பேராசை கிடையாது.