யன்னலைச் சாத்தியவள்

விடியப்புறம் இரண்டே முக்கால். ஓல்போர்க் நகரத்துக்கு வெளியே ஒரு வீதி. இருபுறமும் வெறும் வயல், தெருவிளக்கு கிடையாது. தை மாதப் பனியில் ஒரே ஒரு கார் போய்க்கொண்டிருந்தது.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள். ஓட்டியவள் நம்முடைய தவராஜாவின் மச்சாள் கஜந்தி. பொய் சொல்லத் தெரியாதவள். தெரிந்திருந்தால் சுகமில்லை என்று சொல்லிவிட்டு அன்றிரவு வீட்டில் நின்றிருப்பாள்.

முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை அவளுக்கு. அன்று போனது வேர்னர் கிழவரின் வீட்டுக்கு. இளமையில் மண்டபம் மண்டபமாக, ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளிக் கிட்டார் வாசித்த மனிதர். சொந்தப் பாட்டு ஒன்றும் இல்லை. றொக் அன்ட் றோல் கிட்டாரை எப்படி வாசிப்பது என்று உலகத்துக்கே காட்டிக்கொடுத்த ஓர் அமெரிக்கரின் பாட்டுகள்தான் எல்லாம். காரைப் பற்றி, பள்ளி மணியைப் பற்றி, ஆடுகிற பெட்டைகளைப் பற்றி... படுக்கையில் விழுந்த பிறகும் அந்த இசைத்தட்டுகள்தான் அவருக்கு வேண்டும். தொடக்கத்தில் வருகிற கிட்டார் கஜந்திக்கே பாடமாகிவிட்டது.

அவள் போனபோது கிழவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. முன்பே இன்னொரு காரில் வந்திருந்த, கூட வேலை செய்கிற கிர்ஸ்டன் அவர் கையைப் பிடித்திருந்தாள். சற்று நேரத்தில் அடங்கியது. கிர்ஸ்டன் எழுந்து யன்னலை அகலத் திறந்தாள். டொக்டருக்கு அறிவிக்க வெளியே போனாள்.

கஜந்தி தனியே. செத்தவரின் தலைமாட்டில் விளக்கு இல்லை. எங்கள் சனத்துக்கு மனம் கேட்குமா? மேசையில் கிடந்த மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தாள். காற்று அணைத்தது. திரும்பக் கொளுத்தினாள். திரும்பவும் அணைத்தது. எழுந்துபோய் யன்னலைச் சாத்தி, கொளுக்கியும் போட்டாள்.

சுடர் நிமிர்ந்து நின்றது.

அப்போதுதான்... கிட்டார். அந்தத் தொடக்கம் மட்டும். நின்றது. திரும்பவும் தொடக்கம்... நின்றது. இசைத்தட்டுப் பெட்டிக்கு மின்சாரமே கொடுத்திருக்கவில்லை. சூடான வயர் மணம் வந்தது. சத்தம் சுவரோரமாக நகர்ந்து, யன்னலில் போய் முட்டியது. கண்ணாடி அதிர்ந்தது.

கிர்ஸ்டன் ஓடி வந்தாள்.

"யார் சாத்தினது?"

"நான்தான். விளக்கு நூந்து போகுது எண்டு..."

"அவருடைய உயிர் வெளியே போகத்தானே திறந்துவிட்டேன்!"

கொளுக்கியை இழுத்துத் திறந்தாள். பனிக்காற்று அடித்தது. சத்தம் நின்றது. ஒரு மனிதனைப் பூட்டி வைத்துவிட்டேனே என்று கஜந்தி அழுதாள். டொக்டர் வரும்வரை தான் நிற்பதாகச் சொல்லி, கிர்ஸ்டன் அவளை வீட்டுக்கு அனுப்பினாள்.

கார் அந்த யன்னலுக்கு நேரே நின்றது. ஏறினாள். குளிர். கதவை இழுத்துச் சாத்தினாள்.

பின்சீற்றில்... தொடக்கம். நின்றது.

நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, அந்த உறைபனியில் ஓட்டினாளாம். அது போகவில்லை. பயம் தனக்காக அல்ல. வீட்டில் எட்டு மாதப் பிள்ளை. இதை உள்ளே கொண்டுபோகக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. வீட்டு வாசலில் நின்று புருஷன் சுபாங்கனுக்குப் போன் எடுத்தாள்.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தாலை வெளியிலை போங்கோ. என்னட்டை வராதேங்கோ!"

அரைத் தூக்கத்தில் அவனுக்கு என்ன விளங்கும்? முன்கதவைத் திறந்தான். நீலம் பாய்ந்த அவள் உதட்டைத்தான் கண்டான்.

"உனக்கென்ன விசரே? விறைச்சுப் போய் நிக்கிறாய். வா உள்ளுக்கை!"

கையைப் பிடித்தான். அவள் உதறினாள். விடாமல் இழுத்தெடுத்து, காலால் கதவைத் தள்ளினான். கதவு பூட்டிக்கொண்டது.

தொடக்கம் வந்தது. இந்த முறை நிற்கவில்லை. பாட்டு முழுதாக ஓடியது. கூடவே, மாடிப்படியில் ஒற்றைக் கால் துள்ளுகிற சத்தம்... ஒரு படி... இன்னொரு படி... தாளம் பிசகாமல்.

பிள்ளை மேலேதான் படுத்திருந்தது.