பச்சை ஒயர்

கடைக்கு வருகிறவரை முதலில் உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும், ஐயா. விலைப் பேச்சு அதற்கப்புறம்தான். பழனியில் என் அப்பா பஞ்சாமிர்தக் கடை நடத்தியதும் அப்படித்தான், கொடைக்கானலில் நான் கம்ப்யூட்டர் கடை நடத்தியதும் அப்படித்தான். நீங்களும் இந்த ஸ்டேஷனில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்.

எண்பத்தாறில் தொடங்கினோம். கம்பெனி கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும். விலையும் ஆனை விலை. நாங்கள் பாகங்களை வாங்கி வந்து, கேட்கிறவரின் வேலைக்குத் தகுந்தபடி பூட்டிக் கொடுத்தோம். நாங்கள் என்றால், உண்மையில் பெரியண்ணன்தான். பெயர் அப்படி, என்னைவிட ஒன்பது வயது இளையவன். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். மன்னவனூரில் கூலி வேலை பார்த்து அவனைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தார்கள். அவன் ஈயம் பற்றவைத்த இடம் கடுகுமணி போல இருக்கும். ஒவ்வொரு பெட்டியையும் மூடுவதற்கு முன், என்னென்ன சோதித்தான் என்று ஓர் அட்டையில் எழுதி, கையெழுத்துப் போட்டு உள்ளே ஒட்டுவான்.

"நாளைக்கு யாரு தொறந்தாலும் தெரியணும்ல அண்ணே" என்பான்.

முதல் வருடம் ஒன்றுதான் விற்றது. நான்காவதைப் பள்ளங்கியில் ஒரு காய்கறி மண்டிக்குக் கொடுத்தோம். அங்கே டைப் அடித்த பெண் தமயந்தி. நாலு நாளில் எல்லாம் கற்றுக்கொண்டாள். எண்பத்தெட்டு கார்த்திகையில் அவள் எனக்கு ஆள் அனுப்பினாள். வெயிலடிக்கும் நாளில் பெட்டி நன்றாக ஓடுகிறது, பனி இறங்கினால் ஃபியூஸ் போய்விடுகிறது என்றாள். பெரியண்ணன் சாமான் வாங்க மெட்ராஸ் போயிருந்தான். அந்த வியாழக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தார் அந்தப் பெட்டி ஓடுவதைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்திருந்தால் பத்துப் பெட்டி. இரண்டு வருடமாக நாங்கள் காத்திருந்தது அதற்குத்தான்.

புதன்கிழமை நானே போனேன். பெட்டிக்குள் எங்கோ ஈரத்தில் கரண்டு தகரத்துக்குக் கசிந்தது. எர்த் என்கிற பச்சை ஒயர் அதை மண்ணுக்குள் இறக்கியது. அதனால்தான் ஃபியூஸ் போனது. ஆளைக் காப்பாற்றுவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். பெரியண்ணன் எனக்கு விளக்கியிருக்கிறான். ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று எழுத வேண்டாம்.

பிளக்கைத் திறந்து பச்சை ஒயரை வெட்டினேன். அதற்கப்புறம் ஃபியூஸ் போகவில்லை. டெஸ்டரைத் தகரத்தில் வைத்துப் பார்த்தேன். மங்கலாக எரிந்தது.

"செருப்பைக் கழட்டாம வேலை பாரும்மா" என்றேன்.

"ஏன் சார், ஷாக் அடிக்குமா?"

"தரை சில்லுனு கெடக்குல்ல, அதுக்குத்தான்."

நான் அக்கறை இல்லாதவன் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தார் வந்தார்கள். தமயந்தி ஒவ்வொருவர் பெயரையும் திரையில் அடித்துக் காட்டினாள். அவர்களுக்குச் சந்தோஷம். அங்கேயே ஆர்டர் சொல்லிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை பெரியண்ணன் திரும்பி வந்தான். அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நிமிடமே பஸ் ஏறிப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பான். விஷயம் பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கும். திங்கட்கிழமை சொல்லலாம் என்றிருந்தேன்.

சனிக்கிழமை நல்ல மழை. தமயந்தி நனைந்துகொண்டு வந்திருக்கிறாள். சேறான செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறாள். அந்த மண்டியில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஈரக் கையைப் பெட்டியில் வைத்திருக்கிறாள். இருபத்திரண்டு வயது. நான் போனபோது அவளுடைய அப்பா வேலப்பன் அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு முன் இருந்த அதிகாரி பிளக்கைத் திறந்தார். பச்சை ஒயர் இணைப்பில் இல்லை. உள்ளே ஒட்டியிருந்த அட்டையில் 'எர்த் சரி' என்று எழுதி, பெரியண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தான். மாட்டாமலே எழுதிவிட்டான் என்று அவராகவே முடிவுக்கு வந்தார். என்னைக் கேட்டார். "பூட்டுற வேலையெல்லாம் அவன்தான் சார்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

ஜாமீனில் வந்த பிறகு பெரியண்ணன் கடைப் பக்கம் வரவில்லை. மன்னவனூரில் கேரட் மூட்டை தூக்கப் போனான். வீட்டில் லைட் சுவிட்சைக்கூடத் தொடமாட்டானாம். லெட்சுமியைத்தான் போடச் சொல்வானாம். அவள் அவன் பெண்சாதி. போன ஐப்பசியில் அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். இப்போது மனுக் கொடுத்திருக்கிறவள் அவள்தான். கோர்ட்டில் பிளக்கைக் காட்டியபோது அவன் தலையைத் தூக்கவில்லை. அவள்தான் அந்த ஒயரின் நுனியைப் பார்த்திருக்கிறாள். காரியமெல்லாம் முடிந்தபின் கடைக்கு வந்து என்னிடம் கேட்டாள்.

"மாட்ட மறந்தவரு எதுக்குங்க ஒயரை வெட்டணும்?"

நான் டீ சொன்னேன். அவள் நேராக இங்கே வந்துவிட்டாள்.

அவன் என்னைச் சந்தேகப்பட்டானா என்று கேட்கிறீர்கள். இல்லை. புரட்டாசியில் ஒரு நாள் கடைக்கு வந்தான். உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்தான். கையெல்லாம் செம்மண்.

"அண்ணே, மாட்டுன மாதிரிதான் ஞாபகம் இருக்கு. திருகி இழுத்துக்கூடப் பாத்தேன். பக்கத்துல நீங்க இருந்தீங்கள்ல, சொல்லுங்க. நான் மாட்டுனேனா, இல்லையா?"

அவன் தோளில் கை வைத்தேன். "மறந்துட்டே தம்பி. மனுசனுக்கு வர்றதுதான். விடு" என்றேன்.

கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து என் காலைத் தொட்டான். "கடையக் கெடுத்துட்டேன் அண்ணே. மன்னிச்சிருங்க" என்றான்.

மன்னித்துவிட்டேன், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனை நான் மனதார மன்னித்துத்தான் அனுப்பினேன்.