கறைபட்ட பந்து

“துடைக்காதையும்! ரத்தக்கறை போனால் பந்தின்ர மதிப்பும் போயிடும்.”

ஒடாஹுஹு போகும் பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர் மனைவியிடம் சொன்னார். ஆட்டத்தில் பயன்பட்ட கிரிக்கெட் பொருட்களைச் சேர்த்து, மற்றவர்களோடு மாற்றிக்கொள்கிறவர் போலும்.

மனைவி பந்தைச் சட்டென்று அவர் மடியில் போட்டார்.

“ஐயோ, ரத்தமோ? ஆரோ ஒருத்தன்ர முகத்திலை பட்டதோ?”

“ஓம். பயப்பிடாதையும். இண்டைக்கே மாத்திப் போடுவன்.”

“அந்தப் பெடியன் உயிரோட இருக்கிறானோ?”

“இருக்கிறான். அவன்தான் பந்தைக் கேக்கிறான்.”

“பதிலுக்கு என்ன தாறானாம்?”

“அண்டைக்குப் போட்டிருந்த ஹெல்மெட். முன்கம்பி உடைஞ்சிருக்கு.”

மனைவி மெல்லக் கேட்டார்.

“அதை வீட்டுக்குக் கொண்டு வராதேங்கோ, என்ன? எங்கட பிள்ளை கண்டால் தலையிலை போட்டுப் பாப்பான்.”