அரைக் குவளைக் கறிச்சாறு

டாக்டர்: ...உங்க மகனும் நானும் பட்டாளத்தோட மாட்டுன அந்த ஊர்ல, தையிலயே ஒரு எலுமிச்சங்காய் பவுன் வெலைக்குப் போச்சுங்க. ஒரு உசுரோட வெலை அரைக் குவளைக் கறிச்சாறுங்க, ஆத்தா. மேல ஒரு சொட்டு கேட்டாலும் கெடைக்காது.

மயிலாத்தாள்: வெலை கெடக்கட்டும் தம்பி. சரக்கு என்ன, அதைச் சொல்லுங்க.

டாக்டர்: எங்க அத்தா கடைக்குப் புளி போட வந்தப்பவும் நீங்க இப்படித்தான். உங்களைக் கண்டாலே தராசை ரெண்டு தரம் தொடைப்பாரு.

மயிலாத்தாள்: தொடைச்சுப்போட்டு அரைப் பலம் அடிப்பாரு. பேச்சை மாத்தாதீங்க.

டாக்டர்: கை என்னாச்சு? வந்ததுல இருந்து முந்தானைக்குள்ளயே வெச்சிருக்கீங்க. காட்டுங்க, மருந்து போடறேன்.

மயிலாத்தாள்: சோத்துப்பானை சுட்டுருச்சு. நான் கைக்கு வரலீங்க, மகனுக்கு வந்தேன். பட்டாளத்துல இருந்து வந்த நாளா நஞ்சப்பன் ஊட்டுக்குள்ள வரமாட்டேங்கறான். கட்டுத்தரையில மாடுகளோட படுக்கை. துருக்கிக்காரன் வளைச்ச ஊர்ல அத்தனை பேரும் குதிரைக்கறி தின்னாங்கன்னு கொல்லங்கோட்டுச் சந்தை முச்சூடும் பேச்சு. இல்லீன்னு அம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணோணுமாமா. பண்ணலீன்னா சாதியை விட்டுத் தள்ளி வெச்சிருவாங்க. அவந்தங்கச்சி கல்யாணமும் நின்னு போகும்.

டாக்டர்: நஞ்சப்பன் என்ன சொல்றான்?

மயிலாத்தாள்: காய்ச்சல்ல கண்ணே தொறக்கலியாமா. டாக்டரு ஊத்துனாரு, குடிச்சேன், ஆட்டுச்சாறுன்னாரு... அவ்வளவுதான் தெரியுங்கறான்.

டாக்டர்: ஆடுதான்.

மயிலாத்தாள்: எந்த மாசம்?

டாக்டர்: மாசி... பங்குனி இருக்கும்.

மயிலாத்தாள்: தையிலயே ஒரு எலுமிச்சங்காய் பவுன் வெலைக்குப் போச்சுன்னு இப்பத்தான சொன்னீங்க? பங்குனியில ஒரு ஆடு மிஞ்சியிருந்தா தொரைமாரு தின்னிருப்பாங்க. காயம்பட்டவங்களை டோலியில தூக்கற எம்பையனுக்கா அறுத்திருப்பீங்க? நானும் யாவாரிதானுங்க, தம்பி.

டாக்டர்: குதிரைதான் ஆத்தா. பட்டாளத்துக் குதிரை. தீனியில்லாம எலும்பும் தோலுமா நின்னுச்சு. உங்க மகன் அதைவிட மோசமாக் கெடந்தான். ஈறெல்லாம் ரத்தம்... காலு வீங்கி நீலம் பாஞ்சு... மருந்துப் பெட்டியில வெறும் குப்பிதான் மிச்சம். எங்க பாட்டன்மாரு குதிரை வித்துச் சோறு தின்னவங்க. நான் குதிரையவே காச்சினேன்.

மயிலாத்தாள்: நீங்களும் குடிச்சீங்களா?

டாக்டர்: மொத மடக்கு நாந்தான். அவன் பாக்கறாப்பல.

மயிலாத்தாள்: மாரப்பனுக்கும் இதைத்தான ஊத்துனீங்க? ஒரே டோலியத் தூக்கினவங்க, ஒரே ஊர்க்காரங்க. அவன் மட்டும் ஏன் திரும்பல?

டாக்டர்: காய்ச்சல் முத்திப் போச்சுங்க... அதை விடுங்க. சத்தியம் என்னிக்கு?

மயிலாத்தாள்: இன்னிக்கு விடியக்காலையிலயே முடிஞ்சுதுங்க.

டாக்டர்: முடிஞ்சுதா? ஆரு பண்ணினது?

மயிலாத்தாள்: அவன் கற்பூரத்தை வாங்கவே இல்லீங்க. பெத்தவ நான் பண்றேன்னு ஏந்திட்டேன். எம்மகன் குடிச்சது ஆட்டுச்சாறுன்னு சொல்லி அணைச்சேன். இந்தாங்க, இப்பப் பாத்துக்குங்க.

டாக்டர்: உள்ளங்கை பூராவும் கொப்புளம்... ஆடா குதிரையான்னு தெரியாமயேவா அணைச்சீங்க?

மயிலாத்தாள்: சரக்கைப் பாக்காம வெலை முடிச்சவ இல்லீங்க நான். இன்னிக்கு ஒரு நாள் முடிச்சுட்டேன். தலையில ஏத்தினது எவ்வளவு பாரம்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். நாளைக்கு நஞ்சப்பன் உங்ககிட்ட வருவான். ஆடுன்னே சொல்லுங்க. உங்க வாயால கேட்டாத்தான் ஊட்டுக்குள்ள கால் வெப்பான்.

டாக்டர்: சொல்றேன்.

மயிலாத்தாள்: நெசமாலுமே?

டாக்டர்: ஆடுன்னுதான் சொல்லுவேன்.

மயிலாத்தாள்: அப்ப உங்க பொய் ஒண்ணு, எம்பொய் ஒண்ணு. வரவு ஒரு மகன். கணக்கு நேருங்க தம்பி.

டாக்டர்: நேராகலீங்க ஆத்தா. அன்னிக்குக் குவளையோட மொதல்ல மாரப்பன்கிட்டத்தான் போனேன். இது என்ன சாறுன்னு கேட்டான்... படிச்சவன் பொய் சொல்லக்கூடாதுன்னு குதிரைன்னு சொல்லிட்டேன். குவளையைத் தட்டி விட்டுட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான்... அதுக்கப்பறந்தான் உங்க மகன்கிட்டப் போனேன். மாரப்பனுக்கு ஒரு பொய் பாக்கி நிக்குதுங்க.