ஆறு பேரின் சஹனில் நான் ஒருவன்

பேரன்புக்குரிய சபைத் தலைவர் காலிதீன் ஹாஜியார் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் உலமாக்களே, கல்முனைக் கடற்காற்றோடு வந்து கூடியிருக்கும் பெரியோர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழர்களே! உங்கள் அனைவர்மீதும் இறைவனின் சாந்தி உண்டாவதாக.

வியாபாரத்தில் வென்றவன் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். கொழும்பில் ஒரு வாடகை அறையில் நான் தொடங்கிய கம்பனியை வெளிநாட்டார் வாங்கினார்கள். விடிந்து எழும்புவதற்குள் இந்த ஸஹீத் முதலாளியானான். வீடு உயர்ந்தது, வாகனம் வந்தது, வங்கி முகாமையாளர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். வந்தவர் எத்தனை பேர்! வரம் கேட்பதுபோல் நின்றவர் எத்தனை பேர்! ஆனால், சும்மா வந்து என்னோடு கதைத்திருந்தவர் யார்?

சென்ற மாதம் என் தங்கை மகள் பஸ்மினாவுக்குக் கலியாணம். பாய் விரித்து, ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டாகச் சஹன் வைத்து, கோழியும் சோறும் மணக்க மணக்கப் பந்தி நடக்கிறது. என்னை மட்டும் மாடிக்குக் கூட்டிப்போனார்கள். ஏசி அறை, வெள்ளை விரிப்பு, கரண்டி! கீழே சிரிப்புச் சத்தம் கேட்கிறது. என்னால் இருக்க முடியவில்லை. இறங்கி வந்தேன். சிறுவயதுத் தோழன் ஜெஸீம் இருந்த சஹனில் ஓர் இடம் கண்டேன், அமர்ந்தேன். என்ன நடந்தது தெரியுமா? இருந்த ஐந்து பேரும் எழும்பிவிட்டார்கள்!

“எங்க மச்சான் போறாய்?” என்றேன்.

“நீங்க சுகமா இரிந்து சாப்பிடுங்க முதலாளி. நாங்க அங்கால போய் இரிக்கம்.”

முதலாளி! என் தோளில் ஏறி மாங்காய் பறித்தவன் சொல்கிறான், முதலாளி என்று! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் செய்தது மரியாதைதான். அந்த மரியாதை முடிந்தபோது, ஆறு பேரின் சோற்றுக்கு முன்னால் நான் தனியே இருந்தேன்.

நம் சஹனில் ஒரு வழக்கம் உண்டல்லவா? கோழியைப் பிய்ப்பவர் நல்ல துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவார். பழக்க தோஷம், நானும் பிய்த்தேன், தள்ளினேன். எடுக்கக் கையில்லை. எனக்கு அழுகை வந்தது.

உழைத்தது எதற்கு? உயர்ந்தது எதற்கு? பள்ளிவாசலுக்குக் கொடுத்தேன், பாடசாலைக்குக் கொடுத்தேன், கேட்டவருக்கெல்லாம் கொடுத்தேன். கொடுத்த கை களைக்கவில்லை ஐயா! ஆனால் எனக்கு ஒரு துண்டைத் தள்ளிவிட இந்த ஊரில் ஒருவருக்கும் துணிவு வரவில்லையே! வாங்கத் தெரியாதவனாக என்னை ஆக்கிவிட்டீர்களே!

பக்கத்து மண்டபத்தில் இன்றைய விருந்துக்கும் எனக்கொரு தனி மேசை போட்டிருக்கிறீர்கள். வரும்போது பார்த்தேன். அதை எடுத்துவிடுங்கள்! தலைவர் ஏதோ சொல்கிறார்... “விசேட அதிதிக்கு அது மரியாதையில்லியா தம்பி?” என்கிறார். ஓம் ஹாஜியார், அந்த மரியாதையில்தான் நான் பட்டினி கிடக்கிறேன்.

இன்று நான் பாயில் அமர்வேன். யாரும் எழும்பிப் போகாதீர்கள். என் ஊரிடம் நான் கேட்கும் உதவி அது ஒன்றுதான். போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. என் பக்கத்தில் அமரப்போகிறவருக்கும் நன்றி, அவர் யாரென்று எனக்கு இன்னும் தெரியாது. எல்லோருக்கும் ஸலாம் சொல்லி இறங்கி வருகிறேன். கொஞ்சம் நகர்ந்து இடம் தாருங்கள்.